அக்டோபர் கடைசி ஞாயிறும் நாலரை மணி பஸ்ஸும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் படிப்புகளில் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி என்றாலே முதல் ஸ்லைடில் ஒரு பனிப்பாறை மிதக்கும். பண்பாடு தண்ணீருக்கு மேலே கொஞ்சம், கீழே நிறைய என்பார்கள். சரிதான். ஆனால் மன்னார்குடிப் பக்கமோ கும்பகோணம் பக்கமோ இருக்கும் ஒரு கல்லூரியில் இந்த வேலையைப் பார்க்கப் போகிறவருக்கு அதைவிட அவசரமாகத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள்.

அங்கே காலை 10 மணி வகுப்பு செப்டம்பரில் நமக்கு மதியம் 2.30. இரண்டு மணி நேர வகுப்பு, 4.30-க்கு முடியும், பிள்ளைகள் காலேஜ் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். நவம்பரில் அதே வகுப்பு 3.30-க்குத் தொடங்கி 5.30-க்கு முடியும். பஸ் 4.30-க்கே போய்விட்டிருக்கும். திருத்துறைப்பூண்டி தாண்டி ஏதோ ஒரு கிராமத்துக்குப் போக வேண்டிய பெண் 4.20-க்குச் சத்தமில்லாமல் லாகின் விட்டு வெளியே வருவாள். அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் திரையில் பாதிப் பெயர்கள் மறைவதுதான். 'இந்திய மாணவர்களுக்கு ஈடுபாடு குறைவு' என்று செமஸ்டர் அறிக்கையில் ஒரு வரி விழும். பண்பாட்டுச் சிக்கல் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிக் கால அட்டவணையிலும், படிவத்திலும், மதிப்பெண் பட்டியலிலும்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அட்டவணை போடும்போதே செப்டம்பர் முதல் அக்டோபர் வரை ஒன்று, நவம்பர் முதல் மார்ச் வரை ஒன்று என்று இரண்டாகப் போட்டு, நவம்பர் வகுப்பை அங்கே காலை 9 மணிக்குக் கேட்டு வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மறுபடி முன்னே போகும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்குதான் கெடு நேரத்துக்கும். 'இரவு 23.59-க்குள் சமர்ப்பிக்கவும்' என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் விடியற்காலை 5.29, கோடையில் 4.29. பாதிப் பேர் முந்தின நாள் இரவே பதறி அரைகுறையாக ஏற்றுவார்கள். மீதிப் பேர் மறுநாள் ராத்திரி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துத் தாமத அபராதம் வாங்குவார்கள். அசைன்மென்ட் தாளின் முதல் வரியிலேயே இந்திய நேரத்தையும் கிழமையையும் எழுதுங்கள். கெடுவை அங்கே நண்பகல் 12 மணிக்கு வைக்கச் சொல்லலாம். நமக்கு மாலை 5.30 அல்லது 4.30. சிஸ்டம் மக்கர் செய்தால் போன் போட்டுக் கேட்க அந்தப் பக்கம் ஆள் இருப்பார்.

அடுத்து மதிப்பெண். வீட்டில் சண்டை வருவது இங்கேதான். நம் ஊரில் 60 என்றால் முதல் வகுப்பு. பிரிட்டிஷ் கணக்கில் 70-லிருந்துதான் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 50-களில் கீழ் இரண்டாம் வகுப்பு, 40 தேர்ச்சி. இதைச் சொன்னதும் 'அப்ப அங்க கஷ்டமா மார்க் போடுவாங்க, அவ்வளவுதானே' என்பார்கள். அவ்வளவு மட்டுமில்லை. அங்கே கட்டுரைப் பாடங்களில் 80-க்கு மேல் போடுவதே அபூர்வம். 100 மார்க் அளவுகோலில் மேல் கால்வாசி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பிளஸ் டூவில் 600-க்கு 560 எடுத்துவிட்டு வந்த பிள்ளை முதல் கட்டுரைக்கு 62 வாங்கினால் வீட்டில் துக்க வீடு மாதிரி ஆகிவிடும். உண்மையில் அந்த 62 நல்ல மார்க்.

விளக்கிச் சொல்வதால் இது தீராது. கையால் திருத்தினால்தான் புரியும். முதல் இரண்டு வாரத்துக்குள் பழைய விடைத்தாள் மூன்றைப் பெயர் நீக்கி வாங்குங்கள்: ஒன்று 45, ஒன்று 58, ஒன்று 72. ஒவ்வொன்றும் இரண்டு பக்கம் போதும். மதிப்பீட்டு அட்டவணையையும் கொடுத்து, நாலு நாலு பேராக உட்கார வைத்து, 40 நிமிஷத்தில் மார்க் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் நீளமான, துணைத்தலைப்புகள் நிறைந்த தாளுக்குத்தான் அதிகம் போடுவார்கள், ஏனென்றால் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் மார்க் வந்திருக்கிறது. அது 45 வாங்கிய தாள் என்று சொல்லும்போது வகுப்பில் எழும் சலசலப்புதான் பாடம். அதன்பிறகு 'ஏன்' என்று அவர்களே கேட்பார்கள்.

இன்னொன்றையும் அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். அங்கே ரீவேல்யுவேஷன் கிடையாது. விடைத்தாள் போட்டோகாப்பிக்குப் பணம் கட்டி, வேறு பேராசிரியரிடம் காட்டி, மார்க் ஏற்றுகிற வழி இல்லை. ஆசிரியரின் கல்வித் தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்ய முடியாது. நடைமுறைத் தவறு நடந்தது, உடல்நலக் குறைவு போன்ற காரணத்தைத் தக்க நேரத்தில் சொல்ல முடியவில்லை என்ற மாதிரிக் காரணங்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அதற்கு ஈடாகத்தான் முன்கூட்டியே இரண்டாமவர் மாதிரித் தாள்களைத் திருத்திப் பார்ப்பது, வெளித் தேர்வாளர் பார்ப்பது என்ற ஏற்பாடெல்லாம். இங்கே காவல் மார்க் வந்த பிறகு, அங்கே மார்க் வருவதற்கு முன்பு. இதைச் சொல்லாமல் விட்டால், மார்க் வந்த அன்று அப்பா நேராகப் பிரின்சிபால் ரூமுக்கு வந்துவிடுவார்.

கிரெடிட் விஷயமும் இதே வகைதான். நம் பழக்கத்தில் கிரெடிட் என்றால் வகுப்பு மணி, ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 15 மணி நேரப் பாடம். பிரிட்டனில் ஒரு வருஷத்துக்கு 120 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி நேரம், ஆனால் அந்த 10-ல் மாணவர் தானாகப் படிப்பதும் அடக்கம். ஐரோப்பாவில் வருஷத்துக்கு 60, ஒன்றுக்கு 25 முதல் 30 மணி. ஆக 20 கிரெடிட் பிரிட்டிஷ் பாடம் என்றால் 200 மணி நேர உழைப்பு, அதில் வகுப்பு 30, 40 மணிதான் இருக்கும். மீதியைப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? லைப்ரரி 5 மணிக்குப் பூட்டினால், வீட்டில் ஒரே கூடம் என்றால், அந்த 160 மணி நேரம் காகிதத்தில் மட்டும் இருக்கும். பெற்றோரோ 'வாரத்துல மூணு மணி நேரந்தான் கிளாஸ், அதுக்கு இவ்வளவு ஃபீஸா' என்பார்கள். அட்டவணையிலேயே 'சுயபடிப்பு, லைப்ரரி, இரண்டு மணி நேரம்' என்று கட்டம் போட்டு, பஸ் போவதற்குள் முடித்துவிடுவது ஒன்றே நடக்கிற வழி. 2022-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு பகுதியை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ட்வின்னிங் படிப்பில் வெளிநாட்டு கிரெடிட் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கூட்டுப் பட்டத்தில் இரு தரப்பிலும் குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். இந்த 30-ஐ வகுப்பு மணியில் எண்ணுகிறோமா உழைப்பு மணியில் எண்ணுகிறோமா என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதிவைக்காத இடங்களில் மூன்றாம் வருஷம் தகராறு வரும்.

இப்போது வகுப்புக்குள் போவோம்.

'சார், ஐ ஹேவ் எ டவுட்.' நம் பிள்ளை கை தூக்கிச் சொல்லும் வாக்கியம். நமக்கு டவுட் என்றால் சந்தேகம், சந்தேகம் என்றால் கேள்வி. இங்கிலாந்துக்காரர் காதில் அது 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்று விழுகிறது. சிலர் மகிழ்ந்துகூடப் போவார்கள், ஆகா, எதிர்த்துப் பேசுகிறாளே என்று. அவள் கேட்பதோ 'இந்த ஃபார்முலா பரீட்சைக்கு வருமா' என்று. அவுட் ஆஃப் ஸ்டேஷன், பாஸ் அவுட், பைஹார்ட், அரியர், ப்ரிபோன், இன்டர்னல் எல்லாம் இதே ரகம். இப்படி இருபது சொல்லை ஒரு பக்கத்தில் எழுதி, அங்கிருந்து வருகிற ஆசிரியருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால் போதும்.

மறுபக்கச் சொற்கள்தான் அதிக ஆபத்து. 'இதை நீங்கள் யோசித்துப் பார்க்க விரும்பலாம்' என்று திருத்தக் குறிப்பில் எழுதுவார்கள். நம் பிள்ளை அதை 'விருப்பம் இருந்தால்' என்று படித்துவிட்டு விட்டுவிடும். எழுதியவர் மனதில் இருந்தது 'இதைத் திருத்தாவிட்டால் அடுத்த முறையும் 50-தான்'. 'இன்ட்ரஸ்டிங்' என்பது பாராட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'கொய்ட் குட்' என்றால் பரவாயில்லை என்ற அளவுதான். உள்ளூர் ஆசிரியர் ஒவ்வொரு குறிப்பையும் கட்டாயம், செய்தால் நல்லது என்று இரண்டாகப் பிரித்துத் தமிழில் சொல்லிவிடுவது நல்லது. நம் திருத்தக் குறிப்போ 'தப்பு', 'மறுபடி எழுது' என்று சிவப்பு மையில் இருக்கும், மாடரேஷனுக்கு (திருத்தியதை இன்னொருவர் சரிபார்ப்பதற்கு) அது அங்கே போனால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒன்று பணிவாகச் சொல்லி விளங்காமல் போகிறது, இன்னொன்று விளங்கச் சொல்லி மனசைப் புண்படுத்துகிறது.

மௌனம் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 'புரிஞ்சுதா?' என்றால் அறுபது குரலும் 'புரிஞ்சுது சார்' என்றுதான் சொல்லும். அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். மூன்று நிமிஷம் பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேசவிட்டு, பிறகு ஜோடிக்கு ஒரு வாக்கியம் இங்கிலீஷில் சீட்டில் எழுதி வாங்குங்கள். தமிழில் பேசினால் இங்கிலீஷ் வளராது என்ற பயம் வேண்டாம். யோசனை வருவது தமிழில்தான், அதை அடைத்துவிட்டு மேலே என்ன வளரும்?

காப்பியடித்தல் விஷயத்தில்தான் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் முழுசாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். யுஜிசியின் 2018 விதிமுறையில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போவதற்குத் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40, 60 என்று படிகள். அது ஆய்வேடு போன்றவற்றை மனதில் வைத்து வந்தாலும், காலேஜ் முழுக்க 'டர்னிட்டின்ல பத்துக்குள்ள வந்தா ஓகே' என்று வாய்மொழியாகப் பரவிவிட்டது (டர்னிட்டின் என்பது எழுதியது வேறு எதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருள்). பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பொதுவாக இப்படி எண் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. 4 சதவீதம்தான் ஒத்துப்போகிறது, ஆனால் அந்த 4-ம் ஒரே பத்தி, மேற்கோள் குறி இல்லாமல் எடுத்தது என்றால் அது குற்றம். 28 சதவீதம் ஒத்துப்போகிறது, பார்த்தால் நூற்பட்டியலும் கேள்வித்தாளின் வாசகமும்தான் என்றால் ஒன்றுமே இல்லை. பிள்ளைகளோ எண்ணைக் குறைப்பதில் கில்லாடிகள். ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று சொல்லை மாற்றிப் போட்டு 9-க்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு அந்தச் சொல்மாற்று உடனே பளிச்சென்று தெரியும், அதை இன்னும் கெட்ட எண்ணமாக எடுத்துக்கொள்வார்.

ரிப்போர்ட்டைப் படிக்கிற முறை இது. முதலில் நூற்பட்டியலையும் மேற்கோள்களையும் நீக்கிப் பாருங்கள். மொத்த எண்ணை விட்டுவிட்டு, ஒரே மூலத்திலிருந்து அதிகம் வந்தது எவ்வளவு என்று பாருங்கள். அந்தப் பத்தியைத் திறந்து மேற்கோள் குறி, ஆசிரியர் பெயர், வருஷம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிள்ளையைக் கூப்பிட்டு, தாளை மூடி வைத்துவிட்டு, 'இதை எனக்குத் தமிழ்ல சொல்லு' என்று கேளுங்கள். கடகடவென்று சொன்னால், புரிந்திருக்கிறது, எழுதப் பயந்திருக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை புத்தக வாக்கியத்தை அப்படியே எடுப்பதற்கு முக்கியக் காரணம் இலக்கணப் பயம். திருட்டுப் புத்தி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருந்தும் அங்கேயே இருக்கிறது: படி, புத்தகத்தை மூடு, தமிழில் சொல், சொன்னதை இங்கிலீஷில் எழுது, பிறகு திறந்து பெயரும் பக்க எண்ணும் போடு. ஒரு பத்திக்குப் பதினைந்து நிமிஷம். தமிழில் எழுதி மெஷினில் மொழிபெயர்க்கலாமா என்பதற்கு மட்டும் கூட்டாளிப் பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வமான பதிலை முதல் வாரமே வாங்கி வையுங்கள். இதில் இடத்துக்கு இடம் விதி மாறுகிறது.

மேற்கோள் காட்டுவது நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். நம் உரையாசிரியர்கள் தங்கள் பொருளைச் சொல்வதோடு, மாற்றுக் கருத்தை 'என்று உரைப்பாரும் உளர்' என்று குறித்து, பல இடங்களில் அது ஏன் பொருந்தாது என்றும் மறுத்தார்கள். 'கிரிட்டிகலி இவாலுவேட்', அதாவது 'ஆராய்ந்து மதிப்பிடு', என்ற கேள்விக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தை நினைவுபடுத்துங்கள். இரண்டு அணியும் பேசியதோடு கூட்டம் எழுந்து போய்விடாது, நடுவர் தீர்ப்புக்குக் காத்திருக்கும். மார்க் தீர்ப்புக்குத்தான். ஒரு எச்சரிக்கை: பட்டிமன்ற நடுவர் சில சமயம் 'இரண்டுமே தேவை' என்று எல்லாரையும் சந்தோஷப்படுத்தி அனுப்புவார். கட்டுரையில் அது செல்லாது.

பாட உதாரணங்களைப் பற்றி. சப்ளை செயின் பாடத்தில் வரிசைக் கோட்பாடு (கியூ எவ்வளவு நீளும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு) நடத்த, சூப்பர்மார்க்கெட் பில்லிங் கவுன்டரை வைத்துக் கணக்கு வரும். நம் பிள்ளைக்கு அது படமாக விரியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எடுங்கள். ஒரு நிலையம் நாளுக்கு 800 மூட்டை எடுக்கிறது, அறுவடை உச்சத்தில் 1,200 மூட்டை வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து நாளில் 2,000 மூட்டை தேங்கும். மூட்டைக்கு 40 கிலோ, ஆக 80 டன் நெல் களத்தில் கிடக்கிறது. ஆறாம் நாள் மழை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக எடுக்க மாட்டார்கள், காயவைத்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். வரிசையிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர் மறுபடி உள்ளே வருவது என்ற கடினமான பகுதி இங்கே தானாக வந்து நிற்கிறது. வகுப்பில் பாதிப் பேர் அப்பாவோடு அந்த வரிசையில் இரவு காவல் இருந்திருப்பார்கள், பேசச் சொல்லத் தேவையே இருக்காது. ஆனால் கேள்வித்தாள் அங்கே தயாராகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நெல்லில் புரிந்த பிறகு அதே கணக்கைப் பில்லிங் கவுன்டருக்கும் ஒரு முறை போட்டுக் காட்ட வேண்டும்.

குழு வேலையில் பிள்ளைகளையே அணி பிரிக்க விடாதீர்கள். ஊர், ஹாஸ்டல், சாதி என்று தானாகப் பிரிந்துவிடும், வெளியிலிருந்து வருபவருக்கு அது தெரியவே தெரியாது. பெண்களிடம் போன் நம்பர் கேட்டு வாட்ஸப் குழு ஆரம்பிப்பதும் வேண்டாம், கல்லூரித் தளத்திலேயே குழு வையுங்கள். சக மாணவருக்கு மார்க் போடச் சொன்னால் எல்லாரும் பத்துக்குப் பத்துதான். மார்க் கேட்காமல், 'இவர் எந்தப் பக்கத்தை எழுதினார், எந்தத் தேதியில்' என்று கேளுங்கள்.

பெயர்க் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கு. செல்வி என்றால் குமரேசன் மகள் செல்வி. படிவம் 'சர்நேம்' கேட்கும், காலியாக விட்டால் ஏற்காது, குமரேசன் என்று போடுவார்கள். அன்று முதல் அந்த ஊர் ஆசிரியர் அவளை 'மிஸ் குமரேசன்' என்பார், அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். இது சிரிப்போடு போய்விடும். போகாதது சான்றிதழ். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்த பெயர், இரண்டு பல்கலைக்கழகமும் வேறு வேறு மாதிரி அச்சடித்தால் விசாவுக்கும் வேலைக்கும் அலைச்சல். அட்மிஷன் வாரத்திலேயே பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லி, அதில் உள்ளபடி இரண்டு பக்கமும் பதிவு செய்யுங்கள். வருகிற ஆசிரியரிடம் ஒரு வார்த்தை: வகுப்பில் யாரிடமும் 'உங்கள் குடும்பப் பெயர் என்ன' என்று விசாரிக்க வேண்டாம். இங்கே அது சாதியை விசாரிப்பதாகக் கேட்கும்.

ஐந்து நாளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று 30 மணி நேரப் பாடத்தை முடிக்க விமானத்தில் வருகிறவருக்கு, முதல் நாள் காலை குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று மூன்று மணி நேரம் போகும். அதைத் தவிர்க்கச் சொல்வது மரியாதைக் குறைவு, வீண் முயற்சியும்கூட. 27 மணி நேரத்துக்குத் திட்டமிட்டு வரச் சொல்லுங்கள்.

மழை இருக்கிறது. அங்கே முதல் கட்டுரை கேட்கும் நவம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. கலெக்டர் லீவு விட்டால் இங்கே கல்லூரி மூடும், அங்கே சமர்ப்பிப்புத் தளம் மூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக 'தவிர்க்க முடியாத காரணம்' படிவம் நிரப்பி ஆதாரம் தேடுவது அபத்தம். கலெக்டர் விடுமுறை அறிவித்தால் அந்த மாவட்டம் முழுக்கக் கெடு தானாக இத்தனை வேலைநாள் தள்ளும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்புதான் ஆதாரம்.

சாவுக்கும் அந்தப் படிவம் வரும். 'அங்கிள்' இறந்தார் என்று எழுதினால் தூரத்து உறவு என்று தள்ளிவிடுவார்கள், ஒரே வீட்டில் வளர்த்த பெரியப்பாவாக இருக்கும். 'ஒரே வீட்டில் வசித்த, தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவர்' என்று விரித்து எழுதச் சொல்லுங்கள். பதினாறாம் நாள் காரியம் வரை பிள்ளை வீட்டை விட்டு நகர முடியாது என்பதையும் சேர்க்க வேண்டும். இறப்பைப் பதிவு செய்யவே 21 நாள் அவகாசம் உண்டு, படிவமோ சில நாளில் ஆதாரம் கேட்கும். அதுவரை கருமாதிப் பத்திரிகையையோ கண்ணீர் அஞ்சலி நோட்டீஸையோ கல்லூரிக் கடிதத்தோடு ஸ்கேன் செய்து அனுப்பலாம். இறந்த தேதி, ஊர், உறவுமுறை எல்லாம் அதில் அச்சாகியிருக்கும், மாணவர் பெயரும் உறவினர் வரிசையில் பெரும்பாலும் இருக்கும். கீழே நாலு வரி இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, துறைத்தலைவர் கையெழுத்து.

இதையெல்லாம் செய்வது யார்? வொர்க்லோடு பட்டியலில் 'டியூட்டர்' என்று மட்டும் குறிக்கப்பட்ட உள்ளூர் உதவிப் பேராசிரியர். 60 பிள்ளைகள், ஒரு கட்டுரைக்கு ஒருவருக்குப் பத்து நிமிஷம் திருத்தக் குறிப்பை விளக்கினால் 10 மணி நேரம். செமஸ்டருக்கு மூன்று கட்டுரை என்றால் 30. டர்னிட்டின் பார்ப்பதும், படிவம் எழுதித் தருவதும், பெற்றோரிடம் 62-ஐ விளக்குவதும் தனி. இரண்டு கிரெடிட் பாடத்துக்கு வகுப்பில் நிற்கும் நேரம் அது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இந்த 30 மணி நேரத்தை வொர்க்லோடில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், கையெழுத்தான பிறகு கேட்டால் 'இதெல்லாம் ஒரு வேலையா சார்' என்பார்கள்.